வெள்ளை மூடி டப்பா

அத்தியாயம் 11

போன வாரம் ஆதிலட்சுமியை அடுப்படியில், கையில் ஒரு டம்ளரோடு நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். அவள் இன்னும் அந்த டம்ளரைக் கழுவவில்லை.

மோர் குடித்த டம்ளர். குடித்தவர் அவள் புருஷன் சாமிக்கண்ணு. அடியில் கசகசா அளவுக்கு ஏழெட்டு வெள்ளை மணிகள் ஒட்டிக்கிடந்தன. அவள் மோரில் போடுவது உப்பு, பெருங்காயம், கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை, அவ்வளவுதான். கரைப்பவள் ஆதிலட்சுமி. வாங்கிப்போய் மாமனார் கையில் கொடுப்பவள் மருமகள் பூர்ணிமா. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே மிஞ்சிப்போனால் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடிக்குள் என்னதான் நடக்கிறது?

"மருந்து வெச்சுட்டாக்கா," என்று பக்கத்து வீட்டுச் சுமலதா ஒரே போடாகப் போட்டாள். "புருஷன் ஓசூர்ல வேலைக்குப் போயிட்டான். இங்க மாமனார கைக்குள்ள போட்டுக்கினா வீடே அவ சொன்னபடி கேக்கும். வில்லியனூர் பக்கம் ஒருத்தர் இருக்காரு, மருந்து எடுக்கறவரு. வேணும்னா சொல்லு."

ஆதிலட்சுமி அதை நம்பவில்லை. நம்பாமலும் இல்லை. சந்தேகம் என்பது அப்படித்தானே, முழுசாக வந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

சாமிக்கண்ணு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சித்திரை மாதம் குடல்வால் வெடித்து, செத்துப் பிழைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். கடுமையான மருந்துகள் கொடுத்தார்கள். கெட்ட கிருமியோடு நல்ல கிருமியும் போய்விட்டது என்றார் டாக்டர். அன்றிலிருந்து வயிறு நிற்கவில்லை. சாப்பிட்டதும் ஓடுவார், சாப்பிடாமலும் ஓடுவார். ஐந்து மாதத்தில் பதினோரு கிலோ குறைந்து, சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது.

பூர்ணிமா இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆராய்ச்சி படிக்கிறாள். நல்ல கிருமிகளைக் கெடாமல் வைக்க வீணாய்ப் போகிற பழத்தோலில் ஏதோ செய்கிறாளாம். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மஞ்சள் மூடி, நீல மூடி, வெள்ளை மூடி என்று மூன்று டப்பாக்களை வைத்திருக்கிறாள். உள்ளே சின்னச் சின்னப் பாக்கெட்டுகள். "பழத்தோலு சமாச்சாரம்தான் அத்த," என்று சொன்னாள். சரி, படிக்கிற பெண், இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆதிலட்சுமியும் விட்டுவிட்டாள்.

ஆனால் பழத்தோலில் எறா வாடை அடிக்குமா?

அடித்தது. புரட்டாசி பிறந்து, வீட்டில் முட்டைகூட வாசற்படி தாண்டாத நேரத்தில், பூர்ணிமாவின் துப்பட்டாவில் பச்சை இறால் வாடை அடித்தது. ஒரு தடவை என்றால் பஸ்ஸில் எவளாவது மீன்கூடைக்காரி பக்கத்தில் நின்றிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது இரண்டு தடவை ஆயிற்று. இரண்டும் சனிக்கிழமை.

போதாததற்கு ஓசூரிலிருந்து மகன் இளஞ்செழியன் போன் செய்தான். நலம் விசாரித்தான், மழை பெய்கிறதா என்று கேட்டான், கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எம்மா, ஃப்ரிட்ஜில பூர்ணிமா வெச்சிருக்கற எதையும் நீ தொட்டுடாத," என்றான்.

தொட்டுடாத! பெற்ற தாயிடம்! நான் ஏன் தொடப்போகிறேன், தொட்டால் என்ன தெரிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள் இரண்டு பேரும்? ஆதிலட்சுமிக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இதுதான் கதை நிற்கும் இடம். இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

புரட்டாசி மூன்றாவது சனி. கருவடிக்குப்பத்தில் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் பெருமாளுக்குத் தளிகைப் படையல். சாமிக்கண்ணு விடிந்ததும் தலைக்குக் குளித்து, நாமம் போட்டு, துளசி மாலையோடு நாமம் வரைந்த செம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நாலு வீட்டு வாசலில் நின்று "கோவிந்தா" சொல்லி வாங்கிவந்த அரிசியும் சேர்ந்தால்தான் அந்த வீட்டில் தளிகைப் பொங்கல். போன மாதம்வரை தெருமுனைக்குப் போவதற்குள் திரும்பி ஓடிவந்த மனிதர், இப்போது பத்துப் பன்னிரண்டு நாளாக நிதானமாக நடக்கிறார். பெருமாள் கண் திறந்துவிட்டார் என்று ஆதிலட்சுமி தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

"மோர் குடிச்சிட்டுப் போங்களேன்."

"வந்து குடிக்கறேன்."

அவர் போன ஐந்தாவது நிமிடம் பூர்ணிமா ஸ்கூட்டி சாவியோடு வந்தாள். "அத்த, லேப் வரைக்கும் ஒரு நட போயிட்டு ஒம்போதுக்குள்ள வந்துடறேன். வந்து வடைக்கு நான் அரைக்கறேன்."

"தளிகை அன்னிக்கா?"

"அவசரம் அத்த." கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

ஸ்கூட்டி தெரு திரும்பியது. தெற்கே இருக்கிற ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவள் ஏன் வடக்கே திரும்பினாள்? ஆதிலட்சுமி வேறெதுவும் யோசிக்கவில்லை. ஊறப்போட்ட உளுந்தை அப்படியே விட்டுவிட்டு, கதவைப் பூட்டி, தெருமுனையில் நின்ற சின்னக்கண்ணு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கக்கா?"

"அதோ சிக்னல்ல நிக்குதே, செவப்பு ஸ்கூட்டி. அது பின்னாடியே போ."

"அது உங்க வீட்டுப் பொண்ணு வண்டியாச்சே?"

"எனக்குத் தெரியாதா? பேசாம ஓட்டு."

சின்னக்கண்ணு கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். ஏதோ வில்லங்கம் என்று புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிவப்பு ஸ்கூட்டி போய்க்கொண்டே இருந்தது. பிள்ளைச்சாவடி வந்ததும் கடல் பக்கம் திரும்பியது.

ஆதிலட்சுமி ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். இங்கே யார் இருக்கிறார்கள் இவளுக்கு?

கடலோரம் ஒரு கீற்றுக்கொட்டகை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து எறா உரித்துக்கொண்டிருந்தார்கள். சதை ஒரு பக்கம், தலையும் ஓடும் ஒரு பக்கம். குமட்டுகிற வாடை. அந்த ஓட்டுக் குவியலுக்கு எதிரே, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் எறா ஓட்டை அள்ளி ஒரு பக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாள் ஆதிலட்சுமியின் மருமகள். தளிகை நாளில்.

"நல்லா இருக்குதுடி," என்றாள் ஆதிலட்சுமி.

பூர்ணிமா திரும்பினாள். கையிலிருந்த ஓடு கீழே விழுந்தது. "அத்த... நீங்க எப்பிடி..."

"நான் எப்பிடி வந்தேன்றது இருக்கட்டும். இது என்னா? லேபு இங்கதான் இருக்குதா?"

உரித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. நடுவிலிருந்த அன்னக்கிளி, அந்தக் கொட்டகைக்குத் தலைவி மாதிரி இருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள். "யாரும்மா நீ? அந்தப் பொண்ணு வாரா வாரம் வருது. நாங்க கொட்டறத அள்ளிக்கினு போவுது. அது பாட்டுக்கு வரும், போவும், ஒரு வம்பு கெடையாது. எதுக்குக் கத்தற?"

"எம் மருமவ. கத்துவேன்." ஆதிலட்சுமி முந்தானையை அவிழ்த்தாள். பத்திரமாக முடிந்து வைத்திருந்த வெள்ளை மணிகளை உள்ளங்கையில் கொட்டி நீட்டினாள். "இது என்னான்னு சொல்லிட்டு அப்புறம் எழுந்திரு. உங்க மாமா மோர்ல கெடந்துது."

பூர்ணிமா மணிகளைப் பார்த்தாள். குனிந்து, இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"மாமா குடிச்சாரா இத?"

"நீதான கலக்கிக் குடுத்த?"

"நானா!" எழுந்தே விட்டாள். "அத்த, நீங்கதான் டப்பாவுலேர்ந்து எடுத்துக் குப்பையில கொட்டறீங்கன்னு நான் நெனச்சிக்கினு இருக்கேன். புரட்டாசி பொறந்ததுலேர்ந்து பாக்கெட்டு கொறஞ்சிக்கினே வருது. உங்ககிட்ட கேக்க பயந்துக்கினு, இவருகிட்ட போன்ல சொல்லி அழுதேன்."

இளஞ்செழியன் ஏன் தொண்டையைக் கனைத்தான் என்பது ஆதிலட்சுமிக்கு இப்போது விளங்கியது. ஒரே அடுப்படியில் பதினைந்து நாளாக இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி திருடி என்று நினைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் காய் நறுக்கியிருக்கிறார்கள். நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட இது நேரமில்லை.

"மொதல்ல அது என்னான்னு சொல்லு."

"நல்ல கிருமி அத்த. தயிர்ல இருக்குதே, அந்த சாதி. சும்மா முழுங்கினா வயித்துல இருக்கற புளிப்பு அதச் சாவடிச்சிடும். குடலுக்குப் போயிச் சேராது. அதுக்குத்தான் மேல ஒரு சட்டை போட்டு அனுப்பறோம். தூக்கிப்போடற பொருள்லேர்ந்தே அந்தச் சட்டைய செய்யணும், அதான் என் ஆராய்ச்சி. மஞ்ச மூடியில சாத்துக்குடித் தோல்ல செஞ்சது. நீல மூடியில சட்டையே இல்லாதது. வெள்ள மூடியில..."

சொல்லாமல் பக்கெட்டைப் பார்த்தாள்.

ஆதிலட்சுமியும் பார்த்தாள். "பெருமாளே! புரட்டாசியில, படையலுக்குத் தயிர் வெக்கற ஃப்ரிட்ஜில..."

"தப்புதான் அத்த. ஆடியிலேயே வெச்சது. நடுவுல எடுத்தா மொத்த கணக்கும் போயிடும். லேப்ல இருக்கற ஃப்ரிட்ஜு ஒரே குளுரா இருக்கும். வீட்டுல நாப்பது தடவ தொறப்போம், கரண்ட்டு போவும். அதுலயும் உசுரோட நிக்குதான்னு பாக்கணும். அதுக்குத்தான் வீட்டுல வெச்சேன். மாமா வேண்டுதல நெனச்சுத்தான் உங்ககிட்ட மறச்சேன்."

மாமா வேண்டுதல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாயும் ஊசியுமாகக் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் சாகும்வரை கவிச்சி தொடமாட்டேன் என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டவர் சாமிக்கண்ணு. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் இல்லாமல் சாப்பிட உட்காராத மனிதர், அன்றோடு தலைமுழுகினார். அதிலும் அரைகுறை கிடையாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையின் மேல்கூடு மாட்டு எலும்பிலிருந்து செய்வது என்று டீக்கடையில் எவனோ சொல்லப்போக, பாதி மருந்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டார். டாக்டர் கெஞ்சினார், மகன் கத்தினான், ஆதிலட்சுமி அழுதாள். அசையவில்லை. அந்த வாரமே வயிறு இன்னும் மோசமாயிற்று.

"நீ எடுக்கல, நான் எடுக்கல," என்றாள் ஆதிலட்சுமி மெதுவாக. "அப்ப வீட்டுல இன்னும் ஒருத்தர்தான் இருக்காரு."

பக்கெட்டை அன்னக்கிளியிடம் ஒப்படைத்தார்கள். ஐஸ் போட்டு வைக்கிறேன், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள் என்றாள் அவள். "மாமியா மருமவ சண்டைய எங்க கொட்டாயிலேயே முடிச்சிக்கினீங்களே, நல்லது," என்று சிரிக்கவும் செய்தாள். ஆட்டோவை அனுப்பிவிட்டு, ஆதிலட்சுமி வாழ்க்கையில் முதல் தடவையாக மருமகள் வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொள்ள மனம் வரவில்லை, முதல் வேகத்தடையில் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, மாமாதான்னா என் ஆராய்ச்சிய பாத்துக்கற சார்கிட்ட இன்னிக்கே சொல்லியாவணும்."

"எதுக்கு?"

"ஆபரேஷன் ஆன ஒடம்பு. இது இன்னும் மனுஷருக்குக் குடுத்துப் பாக்காத பொருள். நல்லது செஞ்சிருந்தாலும் டாக்டர் பாக்கணும். சார் மாமாகிட்ட நேராவே பேசுவாரு. எத்தன சாப்பிட்டீங்க, அதுல என்னா இருக்குது, எல்லாம் ஒண்ணு விடாம சொல்லிடுவாரு. அவருக்கு மறைக்கத் தெரியாது."

காற்றில் முந்தானை பறந்தது, ஆதிலட்சுமி அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து இருவரும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு அடுப்படியில் புகுந்தார்கள். பத்து மணிக்குச் செம்பு நிறைய அரிசியோடு சாமிக்கண்ணு வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. "அஞ்சு வீடு ஆதி! அஞ்சாவது வீட்டுலயும் நின்னேன், ஒண்ணும் பண்ணல!" என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி சொன்னார்.

பூர்ணிமா மோரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "மாவிளக்குக்கு இடிக்கறோம், யாரும் வெளிய வரமாட்டோம்," என்று ஆதிலட்சுமி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். குரல் கொடுத்துவிட்டு, மாமியாரும் மருமகளும் அடுப்படித் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சாமிக்கண்ணு இடமும் வலமும் பார்த்தார். எழுந்தார். கூடத்து மூலையில் இருந்த ஃப்ரிட்ஜைச் சத்தமில்லாமல் திறந்தார். மஞ்சள் மூடியைத் தள்ளினார், நீல மூடியைத் தள்ளினார், வெள்ளை மூடியைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்து மோரில் கொட்டினார். ஆள்காட்டி விரலால் ஒரு சுற்று கலக்கினார்.

"என்னாங்க!"

சாமிக்கண்ணு டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அப்படியே மடமடவென்று குடித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"எத்தினி நாளா?" என்றாள் ஆதிலட்சுமி.

"புரட்டாசிக்கு மால போட்ட அன்னிலேர்ந்து." அவர் மருமகளைப் பார்த்துச் சொன்னார். "நீ போன்ல உங்க வாத்தியார்கிட்ட சொல்லிக்கினு இருந்தம்மா. வெள்ள மூடியில இருக்கறதுதான் நல்லா நிக்குது, வயித்துல சாவாம குடலுக்குப் போயிச் சேருதுன்னு. பழத்தோலுன்னு நீ சொன்னது தெரியும். பழத்தோலுதான, என்னா பண்ணிடும்னு எடுத்தேன்."

"கேட்டிருக்கலாமே மாமா."

"என்னான்னு கேப்பேன்?" காலி டம்ளரை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். "மார்க்கெட்டுலேர்ந்து பஸ்ஸுல வந்தப்ப என்னா ஆச்சுன்னு உங்க அத்தைக்குத் தெரியும். வேட்டி நனஞ்சிபோச்சு. யாரும் பாக்கலங்கன்னு இவ எனக்கு ஆறுதல் சொன்னா. பாத்தாங்கம்மா. எங்கூட மில்லுல வேல செஞ்சவன் ரெண்டு சீட்டு தள்ளி உக்காந்திருந்தான். பாக்காத மாதிரி மூஞ்சத் திருப்பிக்கினான். அன்னிலேர்ந்து நான் பஸ் ஏறல. இத சாப்பிட்டதுலேர்ந்து..." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திருட்டுதான். உன் படிப்புல கைய வெச்சிட்டேன். மன்னிச்சிக்கம்மா."

ஆதிலட்சுமிக்குப் புருஷன் மேல் வந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மருந்து எடுப்பவரைத் தேடி வில்லியனூர் போகவிருந்தோமே என்று நினைத்தபோது, நல்லவேளை, தன் முகத்தைத் தானே பார்க்க முடியாது என்றிருந்தது.

பூர்ணிமா கூடத்து ஜன்னலருகே போய்ப் போனில் சாருக்கு விவரமாக எழுதி அனுப்பினாள். போனை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வடைக்கு அரைக்க வந்தாள். அத்தையும் மருமகளும் வேலை செய்தார்கள். ஒரே ஒரு தடவை ஆதிலட்சுமி, "உங்க சார் எப்ப பேசுவாரு?" என்று கேட்டாள்.

"பாத்தவொடனே அத்த."

"நாளைக்கிப் பேசச் சொல்லக்கூடாதா?"

"சொன்னாலும் கேக்க மாட்டாரு."

நடுப்பகலுக்குத் தளிகை தயாராயிற்று. வாழையிலையில் பொங்கல், புளியோதரை, சுண்டல், வடை. மாவிளக்கு எரிந்தது. சாமிக்கண்ணு முன்னால் நின்று கோவிந்தா சொல்ல, பெண்கள் இருவரும் பின்னால் சொன்னார்கள். கற்பூரத்தை ஏற்றினார். ஆரத்தி காட்டினார். தட்டைக் கீழே வைத்தவர், கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அப்படியே நின்றார்.

"வாசல்ல நிக்குதே வண்டி, அதுல எறா வாடை அடிக்குது," என்றார்.

ஆதிலட்சுமி குனிந்து மாவிளக்குத் திரியைத் தூண்டினாள்.

"உள்ள நொழையும்போதே மூக்குல ஏறிச்சு. ரெண்டு பேரும் ஈரத்தலையோட நின்னீங்க. காலையில ஒரு தடவ குளிச்சவ ஆதி நீ. மறுபடி எதுக்குத் தலைக்கு ஊத்தின?" அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "பூர்ணிமா, எனக்கு நெஜம் சொல்லணும். அந்த வெள்ள மணி மேல என்னா பூசியிருக்க?"

பூர்ணிமா வாயைத் திறந்தாள். கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லத் தெரியாத பெண் அவள். லேப் என்று காலையில் சொன்ன பொய்யைக்கூடக் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"சாத்துக்குடித் தோலு," என்றாள் ஆதிலட்சுமி.

"உன்னக் கேக்கல."

"அவதான் எங்கிட்ட சொன்னா. ஜூஸ் கடையில தூக்கிப்போடற தோலு. எறா வாடைக்கு நான் என்னா பண்ணுவேன், வண்டிய எவனோ மீன்காரன் பக்கத்துல நிறுத்தியிருக்கா இவ. தீட்டுன்னு நான்தான் ரெண்டு பேரையும் குளிக்க வெச்சேன்."

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் சாமிக்கண்ணு அவளை இப்படிப் பார்த்ததில்லை. கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப கற்பூரத்த அணைச்சு சொல்லு."

"அத்த, வேணாம்," என்றாள் பூர்ணிமா.

"நீ சும்மா இரு."

கற்பூரம் தட்டில் நின்று எரிந்தது. ஆதிலட்சுமி படத்திலிருந்த பெருமாளைப் பார்த்தாள். காலையிலிருந்து ஊரெல்லாம் பொய்யைத் தேடி அலைந்தவள் அவள். கடைசியில் பொய் அவள் நாக்கிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அவர் வேண்டிக்கொண்டது அவர் கணக்கு சாமி, என்று மனதுக்குள் சொன்னாள். இந்தப் பொய் என் கணக்கு. அவரை விட்டுவிடு, என்னைப் பிடித்துக்கொள். இந்த மனுஷன் மறுபடி பஸ் ஏற வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

உள்ளங்கையை விரித்து எரிகிற கற்பூரத்தின்மேல் அடித்தாள்.

"சத்தியமா சாத்துக்குடித் தோலு."

புகை எழுந்தது. கை எரிந்தது, அவள் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. சாமிக்கண்ணுவின் தோள் தளர்ந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. அவள் கையைப் பிடித்து, சிவந்திருந்த இடத்தில் துளசித் தீர்த்தத்தை ஊற்றினார். "தப்பா கேட்டுட்டேன் ஆதி. மனசுல வெச்சிக்காத. பூர்ணிமா, இன்னும் எத்தினி பாக்கெட் இருக்குதும்மா? இருக்கறவரைக்கும் தெனம் குடு, இனிமே திருட மாட்டேன்."

பூர்ணிமா அழுதுவிடுவாள் போலிருந்தது. ஆதிலட்சுமி அவளைக் கண்ணால் அடக்கினாள்.

அப்போதுதான் ஜன்னல் திட்டில் போன் அடித்தது.

பூர்ணிமா ஓர் எட்டு வைப்பதற்குள், ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்ற சாமிக்கண்ணு அதை எடுத்துவிட்டார். திரையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து எழுத்துக்கூட்டினார்.

"சார்னு போட்டிருக்குது. உங்க வாத்தியாரா? இரும்மா, ஒரு நன்றி சொல்லிட்டுத் தரேன்."

"மாமா, குடுங்க மாமா, நான் பேசறேன்..."

"என்னாங்க, எல போட்டாச்சு, மொதல்ல சாப்பிடுங்க..."

அவர் இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு, பச்சைப் பொத்தானை அழுத்திப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"வணக்கம் சார். நான் பூர்ணிமாவோட மாமனார் பேசறேன். அத சாப்பிட்ட ஆளு நான்தான். கேளுங்க சார், என்னா கேக்கணுமோ கேளுங்க."